மூன்று ஞாயிறு, ஒரு முகம்

அந்தக் கிழவியின் கழுத்துப்பட்டையில் கஞ்சி அளவாக இறங்கியிருந்தது. விசாலாக்ஷி முதலில் பார்த்தது அதைத்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தாள்.

கிழவி உயிரோடு இருப்பவள் அல்ல. சுவரில் மாட்டியிருந்த ஒரு அச்சுப் படம். தலையில் மெல்லிய வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுற்றி வண்டிச் சக்கரம் போல மடிப்பு மடிப்பாய் ஒரு பெரிய வெள்ளைப் பட்டை, அதற்கு மேல் சுருக்கம் விழுந்த ஒரு முகம்.

இடம், கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவான ஜூ டவுனுக்குப் பின்பக்கம் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே ஜிஷா என்ற முப்பது வயதுப் பெண் ஞாயிறு மத்தியானங்களில் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொடுக்கிறாள். படியேறும்போது பாதி வழியில் சுக்கு வாசனையும் டர்பன்டைன் வாசனையும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும்.

விசாலாக்ஷி அங்கே போனது படம் வரைய அல்ல. வகுப்புக்கு வருகிறவர்கள் கட்டிக்கொள்ளும் ஏப்ரன்களை வெளுத்து, தேய்த்து, பன்னிரண்டு உருப்படி என்று எண்ணிக் கொடுக்கப் போனாள். கொடுத்தவள் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், இந்தப் பாட்டிக்குத் துணி வெளுத்தது யாரு?"

ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "நானூறு வருஷம் ஆச்சு சேச்சி. ஹாலந்து தேசம். வரைஞ்சது ரெம்பிராண்ட்னு ஒருத்தர். வெளுத்தது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"யாரா இருந்தாலும் கைகாரிதான். இத்தனை மடிப்புக்கும் கஞ்சி ஒண்ணுபோல ஏறியிருக்கு. கூடினா மடிப்பு ஒடியும். குறைஞ்சா சாஞ்சு விழும். இது ரெண்டுமில்லாம நிக்குது, பாருங்க."

ஜிஷா பார்த்தாள். ஆறு வருஷமாக அதே படத்தை வைத்துப் பாடம் நடத்துகிறாள். அந்தப் பட்டையை ஒருத்தி உட்கார்ந்து வெளுத்திருப்பாள் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"சேச்சி, இந்த வரிசையில ஒரு இடம் காலியா கிடக்கு," என்றாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும். உட்காருங்களேன்."

வேறு சமயமாக இருந்தால் விசாலாக்ஷி சிரித்துவிட்டுப் படியிறங்கியிருப்பாள். நாற்பத்தாறு வயதில் பிரஷ் பிடிப்பதாவது. ஆனால் ஐந்து மாதமாக ஞாயிறு மத்தியானம் அவளுக்கு ஆகாத நேரமாகிவிட்டிருந்தது. வாரத்தில் அந்த ஒரு அரை நாள்தான் அவளும் கணவன் சுப்புராஜும் வேலையில்லாமல் வீட்டில் எதிரெதிரே இருப்பார்கள். அந்த அரை நாளில் அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

காரணம், மகள்.

சுப்புராஜும் விசாலாக்ஷியும் ஃபோர்ட் கொச்சித் தோபிகானாவில் துணி வெளுப்பவர்கள். மூன்று தலைமுறையாகக் கொச்சிதான் ஊர். ஒரே மகள் மகா. இருபத்து நாலு வயது. ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஓட்டலின் மேஜை விரிப்புகளையும் நாப்கின்களையும் அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே வெளுத்துக் கொடுப்பவன் சுப்புராஜ். பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் இறக்கிவிட்டு வருவான்.

ஒருநாள் பின்வாசலில் ஏதோ தோண்டிப் போட்டிருந்தார்கள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் முன்வாசல் வழியாகப் போனான். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பட்டுக்கரைச் சேலையும் பெயர் பொறித்த வில்லையுமாக மகா நின்றிருந்தாள். அவள் ஃபோனை எடுத்து உள்ளே யாரிடமோ, "தோபி வந்திருக்கார்," என்று சொன்னாள்.

வீட்டுக்கு வந்த சுப்புராஜ் மனைவியிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னான். "உன் மக என்னைத் தோபின்னு சொன்னா."

நாம தோபிதானே என்று விசாலாக்ஷிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தியவன் அவன். அந்த ஓட்டலுக்குத் துணி கொண்டுபோகிற வேலையைத் தன்னோடு துணி வெளுக்கும் தங்கதுரையிடம் தள்ளிவிட்டான். ஒரு மாதம் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் சுவரோடு சுவராக நடந்தார்கள். பிறகு மகா, இரவு ஷிப்ட் என்று சாக்குச் சொல்லி எர்ணாகுளத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மாவோடு தினமும் ஃபோனில் பேசுவாள். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில். "அப்பாகிட்டயே கேளும்மா."

அப்பாவிடம் கேட்டால் அவர் எழுந்து நீலம் கரைக்கப் போய்விடுவார்.

ஆகையால் அந்தக் காலி இடத்தில் விசாலாக்ஷி உட்கார்ந்தாள்.

வகுப்பில் மொத்தம் ஏழு பேர். எல்லோரும் வரைய வேண்டியது அந்த ஒரே கிழவியைத்தான். அதுதான் ஜிஷாவின் பாடமுறை. பெரிய கை ஒன்று வரைந்ததை அப்படியே பார்த்து வரைய வேண்டும். அவர் எங்கே வெளிச்சம் வைத்தாரோ அங்கே வெளிச்சம். எங்கே இருட்டை விட்டாரோ அங்கே இருட்டு. சொந்தச் சரக்கு ஒன்றும் கூடாது.

முதல் நாளே ஜிஷா அச்சுப் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டாள்.

"டீச்சர், பாட்டி தலைகீழா தொங்குறா," என்றாள் விசாலாக்ஷி.

"அப்படித்தான். நேரா வச்சா சேச்சி பார்க்கமாட்டீங்க. இது மூக்கு, இது கண்ணுன்னு மனசுல இருக்கிறதை வரைவீங்க. தலைகீழா இருந்தா மூக்குமில்ல கண்ணுமில்ல. கறுப்பும் வெளுப்பும்தான். வரைக்கண்டா, நோக்கு." வரையாதே, பார். வகுப்பு முழுக்க அவள் இந்த மலையாள வாக்கியத்தை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

விசாலாக்ஷிக்கு அது கஷ்டமாக இல்லை. துணியை அவள் பார்க்கிற விதமே அதுதான். யாருடைய சட்டை என்பது கண்ணில் படாது. எங்கே கறை, எங்கே மங்கல் என்பதுதான் படும். அவள் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த லக்ஷ்மிநாராயணன், வங்கியில் ஓய்வு பெற்றவர், நாலு வாரமாகியும் கிழவிக்கு மூக்கு வைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். விசாலாக்ஷியின் கேன்வாஸில் அடிப்பூச்சான பழுப்பு வண்ணத்திலேயே கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படியம்மா இது?" என்றார் அவர்.

"கறையைப் பார்த்துப் பார்த்து வந்த கண்ணு சார்."

ஆனால் வண்ணம் ஏற்ற ஆரம்பித்த வாரம் அவள் மாட்டிக்கொண்டாள்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வண்ணம் காயவே மாட்டேன் என்றது. ஏழு கேன்வாஸுக்கும் முன்னால் மூன்று மின்விசிறி ஓடின. இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் வேலை செய்துவிட்டு விசாலாக்ஷி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவளுக்கே திருப்தியாக இருந்தது. ஜிஷா வந்து பின்னால் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சேச்சி," என்றாள் கடைசியில். "கிழவியை வெளுத்துத் தேய்ச்சுட்டீங்க."

விசாலாக்ஷி அச்சுப் படத்தைப் பார்த்தாள், தன் படத்தைப் பார்த்தாள். கழுத்துப்பட்டை சலவைக்குப் போய் வந்தது போல ஒரே வெள்ளையாகப் பளபளத்தது. நெற்றிச் சுருக்கம், கன்னத்து மடிப்பு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை எல்லாவற்றையும் அவள் கை, அவளுக்குத் தெரியாமலே, மெத்தென்ற பிரஷ்ஷால் நீவி நீவி எடுத்துவிட்டிருந்தது. வயது எண்பத்து மூன்று என்று படத்திலேயே எழுதியிருந்த கிழவிக்கு ஐம்பது வயதுகூட மதிக்க முடியாது.

லக்ஷ்மிநாராயணன் எட்டிப் பார்த்தார். "என் மூஞ்சியையும் ஒருதடவை இப்படித் தேய்ச்சுக் குடுங்களேன். வீட்ல சந்தோஷப்படுவா."

வகுப்பே சிரித்தது. விசாலாக்ஷியும் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது.

"முப்பது வருஷப் பழக்கம் டீச்சர். சுருக்கத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது."

"சாரமில்ல சேச்சி, பரவாயில்ல. ஆனா இது சட்டையில்லையே. அந்தச் சுருக்கம் ஒவ்வொண்ணும் அவங்க சம்பாதிச்சது. அதை எடுத்துட்டா ஆள் காணாமப் போயிடுவாங்க." ஜிஷா கழுத்துப்பட்டையைக் காட்டினாள். "இதையும் பாருங்க. இது வெள்ளையா?"

விசாலாக்ஷி பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தப் பட்டையில் வெள்ளை என்று ஒன்று இல்லவே இல்லை. நிழல் விழுந்த மடிப்புக்குள் சாம்பல், அதற்குள் துளி நீலம், விளிம்பில் மட்டும் மின்னல் மாதிரி ஒரு கோடு. கயிற்றுக் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நுழைந்து போகும்போது அவள் தினமும் பார்க்கிற நிறங்கள்தான். வெள்ளை என்று பெயர் வைத்துவிட்டதால் பார்க்காமல் விட்ட நிறங்கள்.

அன்றைக்குப் போட்டது முழுவதையும் கத்தியால் வழித்து எடுத்தாள். மறு வாரம் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் ஜிஷா பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மதி சேச்சி, போதும். இனி தொடாதீங்க. பாட்டி வந்துட்டாங்க," என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஜிஷா அடுத்த நிபந்தனையைச் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் அதே மாடியில் ஒரு வாரம் படங்களைப் பார்வைக்கு வைப்பது அவள் வழக்கம். பிரதியை மட்டும் தனியாக மாட்டமாட்டாள். பக்கத்தில் அதே கை வரைந்த ஒரு உயிருள்ள முகம் இருக்க வேண்டும். போட்டோ பார்த்து வரையக் கூடாது. ஆள் நேரில் வந்து மூன்று ஞாயிறு, இரண்டிரண்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

"முதல் படம் ரெம்பிராண்டோட கண்ணு. ரெண்டாவது உங்க கண்ணு," என்றாள் ஜிஷா. "ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மற்றவர்களுக்குச் சுலபமாக ஆள் கிடைத்தது. லக்ஷ்மிநாராயணனுக்கு மனைவி விசிறியும் பிளாஸ்க்கில் காப்பியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். விசாலாக்ஷிக்கு மனதில் ஒரே முகம்தான் இருந்தது. எட்டு மாதமாக எதிரே இருந்தும் அவளால் படிக்க முடியாத முகம். அதை ஆறு மணி நேரம் பார்க்கக் கிடைத்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடித்தால் மகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

துணி தேய்க்கும் கரிப்பெட்டிக்குச் சிரட்டைக் கனல் போட்டுக்கொண்டிருந்த சுப்புராஜிடம் கேட்டாள்.

"என் மூஞ்சியையா?" என்றான். "அதை யார் பார்க்கப் போறா?"

"நான் பார்க்கணும்."

"இருபத்தாறு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்க."

"அப்படிப் பார்க்கிறது வேற, இது வேறங்க."

"எனக்கு ஞாயித்துக்கிழமை சோலி இருக்கு."

என்ன சோலி என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் துணி அலசிக்கொண்டே, அவன் காதில் விழும்படி அடுத்த கல்லில் நின்ற தங்கதுரையைக் கேட்டாள். "தங்கதுரை, உன்னால ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார முடியுமா? உன் மூஞ்சியை வரையணும்."

தங்கதுரை மீசையைத் தடவிக்கொண்டான். "பின்னே? ரெண்டு என்னக்கா, நாலு மணி நேரம் உட்காருவேன். மீசையை மட்டும் நல்லா எடுப்பாப் போட்டுடுங்க."

சுப்புராஜ் கல்லில் துணியை அறைந்த சத்தம் அன்று வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவன் மூஞ்சியில பார்க்க என்ன இருக்கு, ரெண்டு மணி நேரம்?"

"வேற யாரும் வரலியே."

"எத்தனை மணிக்கு?"

முதல் ஞாயிறு அவன் வந்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து ஜிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கத்தி போல் மடிப்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஆதார் கார்டுக்குப் படம் எடுப்பவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சேட்டா, மூச்சு விடலாம்," என்றாள் ஜிஷா. "பேசவும் செய்யலாம். படத்தை மட்டும் கடைசி நாள் வரைக்கும் எட்டிப் பார்க்கக் கூடாது."

விசாலாக்ஷி கரித்துண்டால் கோடு இழுக்க ஆரம்பித்தாள். தலை வந்தது, காது வந்தது, தாடை வந்தது. கண்ணுக்கு வந்தபோது நின்றுவிட்டாள். கண் அங்கே இல்லை. இமைதான் இருந்தது.

"நிமிர்ந்து பாருங்க."

நிமிர்ந்தான். அவள் ஒரு கோடு இழுப்பதற்குள் பார்வை மெல்ல வழுக்கி அவள் கைக்கு வந்து, கையிலிருந்து ஏப்ரனுக்கு வந்து, ஏப்ரனிலிருந்து தரைக்குப் போய்விட்டது.

"என்னைப் பாருங்கன்னு சொன்னேன்."

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"என் ஏப்ரனைப் பார்க்கிறீங்க."

"அதுல கறை இருக்கு. நீலக் கறை. அது போகாது."

லக்ஷ்மிநாராயணனின் மனைவி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது ஞாயிறும் அதே கதை. நெற்றி அமைந்தது, வெயிலில் கறுத்த கன்னம் அமைந்தது, அழுத்தி மூடிய வாய் அச்சாக வந்தது. விசாலாக்ஷியின் கை இந்தத் தடவை ஒரு சுருக்கத்தைக்கூட நீவவில்லை. கண் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் தரையைப் பார்க்கும் இமையையே வரைந்துவிட்டாள். வரைந்ததைப் பார்த்தபோது கோபக்காரனைக் காணோம். யாரோ தன்னைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று பதுங்கும் ஒரு ஆள்தான் அங்கே இருந்தான். எட்டு மாதமாக அவள் கோபம் என்று நினைத்தது கோபம்தானா என்று முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அன்றிரவு மகா ஃபோனில் கேட்டாள். "அப்பா நிஜமாவே வந்து உட்காருறாரா?"

"உட்காருறார். ஆனா கண்ணைக் காட்டமாட்டேங்குறார்."

"எனக்கும் காட்டலம்மா," என்றாள் மகா. அதோடு வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிறு. கடைசி நாள். வெள்ளிக்கிழமை படங்களை மாட்ட வேண்டும். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் அவன் முகத்தில் பாதியில் விழுந்தது.

"கண்ணு," என்றாள்.

தூக்கினான். தாழ்ந்தது.

"கண்ணு."

தூக்கினான். தாழ்ந்தது.

"ஏங்க, நான் உங்க பொண்டாட்டி. என்னைப் பார்க்க என்ன?"

"முடியல விசாலம்." அவன் குரல் சின்னதாக இருந்தது. "வேணும்னு பண்ணல. நாப்பது வருஷமா மூட்டையோட பின்வாசல்ல நிக்கிறவன். கதவைத் திறக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்து நின்னது கிடையாது. உருப்படியை எண்ணும்போது துணியைப் பாரு, ஆளைப் பார்க்காதேன்னு எங்கப்பா அடிச்சுச் சொல்லிக்குடுத்தது. யாராவது உத்துப் பார்த்தா தன்னால குனிஞ்சிடுது."

அவள் பிரஷ்ஷில் வண்ணம் தொட்டாள். கீழே யாரோ மூட்டை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு," என்றான்.

"என்னைக்கு?"

"ஓட்டல்ல."

விசாலாக்ஷியின் கை நிற்கப் பார்த்தது. கை நின்றால் அவன் பேச்சும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே முடிந்துவிட்ட காதின் மேல் சும்மா பிரஷ்ஷை வைத்து வைத்து எடுத்தாள்.

"அவ என்னைப் பார்த்துட்டா," என்றான் சுப்புராஜ். "கதவைத் தள்ளிட்டு உள்ளே வந்தப்பவே பார்த்துட்டா. சிரிச்சா. அப்பான்னு கூப்பிட வாயைத் திறந்துட்டா. பக்கத்துல மானேஜர் நிக்கிறான். இந்தப் பக்கம் ரெண்டு வெள்ளைக்காரங்க. என் தோள்ல துணி மூட்டை. பிள்ளைக்கு வெக்கக்கேடா போயிடுமேன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். யாரோ மாதிரி நின்னேன். மேடம், லினன் வந்திருக்குன்னு சொன்னேன்."

"மேடமா?"

"ஆமா. மேடம்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அவ மூஞ்சி எப்படியோ ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம்தான் ஃபோனை எடுத்தா."

விசாலாக்ஷி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். வகுப்பில் மற்றவர்கள் தத்தம் வேலையில் இருந்தார்கள், அல்லது இருப்பது போல நடித்தார்கள். லக்ஷ்மிநாராயணன் காய்ந்த பிரஷ்ஷால் மனைவியின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ நீங்கதான் முதல்ல தெரியாத மாதிரி நின்னீங்க."

"நான்தான்."

"எட்டு மாசமா இதைச் சொல்லலையே."

"சொல்லிட்டா அவமேல கோபப்பட எனக்கு என்ன இருக்கு?"

அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஏழு மாதம் மகள் ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். எட்டு மாதம் நான் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தவள், வெளிச்சத்தில் பாதியும் இருட்டில் பாதியுமாக இருந்த அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்த முகத்தின் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறாள். திட்டு வரவில்லை.

"வந்து பாருங்க," என்றாள்.

"இன்னும் முடியலியே. டீச்சர் திட்டும்."

"பரவாயில்ல, வாங்க."

சுப்புராஜ் சட்டை கசங்காமல் எழுந்து வந்து கேன்வாஸுக்கு முன்னால் நின்றான். கறுத்த கன்னமும் அழுத்தி மூடிய வாயும் தரையைப் பார்க்கும் இமையுமாக ஒரு மனிதன் அதில் உட்கார்ந்திருந்தான். எதிரே நிற்கிறவனைப் பார்க்க அந்த மனிதனுக்கு இஷ்டமில்லை.

சுப்புராஜ் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தான். மறு பக்கம் போய்ப் பார்த்தான். எங்கே நின்றாலும் அந்தக் கண் அவனைப் பார்க்க மறுத்தது.

"இதைத்தான் அவ பார்த்திருக்கா," என்றான்.

விசாலாக்ஷி பிரஷ்ஷை எடுத்து டர்பன்டைனில் அலசினாள்.

"சிரிச்சுட்டு நின்ன பிள்ளைக்கு இதைக் காட்டியிருக்கேன்."

அவன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பையைத் தடவினான். அவள் தன் ஃபோனை எடுத்து நீட்டினாள்.

"உன்னோடது வேணாம்," என்றான். "நீன்னு நினைச்சு எடுத்துடுவா. என் நம்பர்ல இருந்து போகட்டும். எடுத்தா எடுக்கட்டும்."

அவன் ஃபோனைக் காதில் வைத்தான். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மகா பகல் ஷிப்ட்டில் இருக்கிறாள், மேஜையில் கூட்டமாக இருக்கும் என்று விசாலாக்ஷி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் மறுபடியும் அழுத்திவிட்டான். இந்தத் தடவை நாலாவது மணியில் எடுத்தாள்.

"மகா," என்றான். "அப்பாதான்."

மறுமுனையில் என்ன சொன்னாள் என்று விசாலாக்ஷிக்குக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல. எதிர்லதான் நிக்கிறா. என்னைப் பிடிச்சு வரையுறா... ஆமா, நிஜமாத்தான்... சிரிக்காத." அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான். "மகா, அன்னைக்கு நான்தான் உன்னைத் தெரியாத மாதிரி நின்னேன். மேடம்னு சொன்னேன். உனக்கு நல்லதுன்னு நினைச்சுச் சொன்னேன். அது நல்லதில்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அதற்கப்புறம் மகாதான் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "ம்" என்றான். "தெரியும்மா" என்றான். "நான் என்ன செய்வேன், பழக்கம்" என்றான். நடுவில் ஒரு தடவை உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் யாருன்னு மானேஜர்கிட்ட சொல்லுவியா? என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டான். பதிலைக் கேட்டதும் அவன் முகத்தில் ஏதோ கட்டவிழ்ந்தது.

ஜிஷா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தாள். நாலு மணி ஆகப் பத்து நிமிஷம்.

விசாலாக்ஷி தன் கேன்வாஸைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். மூன்று ஞாயிறு பாடுபட்டு வரைந்த வாய் அவனிடம் இப்போது இல்லை. ஃபோனில் பேசிக்கொண்டே அவன், யாரும் சொல்லாமல், நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் பழுப்பு. இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னது. இருபத்தாறு வருஷத்தில் அவள் அதைக் கவனித்ததில்லை.

கத்தியை எடுத்தாள். படத்திலிருந்த இமை இரண்டையும் வாயையும் வழித்துத் துணியில் துடைத்தாள்.

"அய்யோ சேச்சி," என்றாள் ஜிஷா. "வெள்ளிக்கிழமை மாட்டணும். இப்போ போட்டா காயாது."

"காயாமலே மாட்டிக்கலாம் டீச்சர். தொடாதீங்கன்னு கீழே எழுதி வச்சிடுவோம்." பிரஷ்ஷைப் பழுப்பில் தொட்டுக்கொண்டாள். ஃபோனை மூடப் போன கணவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

"வச்சிடாதீங்க. பேசிட்டே இருங்க," என்றாள். "அந்த வாய் எனக்கு வேணும்."